குழந்தை என்று நாங்கள் நம்பிய எட்டு வாரம்

அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினரும் நண்பரும் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும்.

பேரணாம்பட்டில் பிறந்த அக்கா, பத்தாவது முடித்ததும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையலுக்குச் சேர்ந்து சூப்பர்வைசர் வரை உயர்ந்தார். கல்யாணமாகிப் பதினாறு ஆண்டு கழித்து, நாற்பத்தொரு வயதில் மகளைப் பெற்றார். பிரசவத்துக்குப் பிறகும் உதிரப்போக்கு விட்டுவிட்டு இருந்தது. நான்காம் மாதம் மாமா மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கி வந்தார். இரண்டு கோடு.

அதே கம்பெனியில் நான் வேலை பார்க்கும் கட்டிங் பிரிவு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். "எதுக்கும் ஆஸ்பத்திரில காட்டிடறேன்டா" என்றார் அக்கா. எங்கள் வீட்டில் மூன்று மாதம் முடியாமல் பிள்ளைத்தாய்ச்சி பஸ் ஏறக் கூடாது. அந்த வழக்கத்துக்குக் காவலாக நான் நின்றேன். "ரத்தம் படுதுன்னா ரெஸ்ட் எடு. ரோடு கெட்டுக் கெடக்குது, குலுங்கும்" என்று படுக்க வைத்தேன். எட்டு வாரம்.

இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் வேலூருக்குப் போனோம். ஸ்கேனில் குழந்தை இல்லை. நஞ்சுக்கொடியின் செல்களில் தொடங்கும் அபூர்வமான புற்றுநோய். கர்ப்பத்தில் சுரக்கும் அதே ஹார்மோனை அதுவும் சுரக்குமாம். கார்டில் விழுந்த கோடு அதனுடையது.

"சீக்கிரம் வந்தா பெரும்பாலும் குணமாயிடும். நுரையீரலுக்குப் போயிருந்தாக்கூட மருந்து கேக்கும். இவங்களுக்கு மூளைலயும் இருக்கு. கஷ்டம்தான், முயற்சி பண்ணலாம்" என்றார் டாக்டரம்மா.

அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை. கண் விழித்தபோது அக்காவின் கட்டிலில் நான் கிடந்தேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்கேன் கவரால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். "எந்திரிடா. எனக்குப் போடற ஊசிய உனக்குப் போட்டுடப் போறாங்க."

சிகிச்சையில் ஹார்மோன் அளவு ஐந்து மாதம் இறங்கியது, பிறகு ஏறியது. "என்னாலதானேக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். அக்கா ஆறுதல் சொல்லவில்லை. "பாதி உன்னால. உன் பேச்சையும் ஒரு பேச்சுன்னு கேட்டேன் பாரு, மீதி என்னால. இன்னொருத்திய இப்படிப் படுக்க வெக்காத."

மகள் நடக்கத் தொடங்கிய வாரம் அக்கா போனார்.

ரத்தம் கொடுத்த கட்டிங் பிரிவுத் தோழர்களுக்கும், முகம் சுளிக்காத நர்சுகளுக்கும், மகளைத் தன் பிள்ளைபோல் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஷமீம் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

போன மாதம், என்னோடு வேலை செய்யும், நான் தம்பி என்று கூப்பிடும் பையனின் மனைவிக்கு, பிரசவமாகி ஐந்து மாதமாகியும் ரத்தம் விட்டுவிட்டுப் பட்டது. கார்டில் இரண்டு கோடு. ஷிப்ட் பாதியில் ஆட்டோ கூப்பிட்டு, அவனோடு நானும் ஏறி, வீட்டிலிருந்த அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போனேன். ஸ்கேனில் உண்மையாகவே குழந்தை. இதயத் துடிப்பும் தெரிந்தது.

"இன்னாண்ணா, இதுக்கா இவ்ளோ பேஜாரு?" என்றான் தம்பி.

இப்போது பிரிவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். அடுத்த முறையும் ஆட்டோ கூப்பிடுவேன்.