நான் தாண்டிப் போன காம்பரா

1. கங்காணியின் போன்

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மிட்வைஃபாக இருந்தபோது நடந்தது இது. அன்று காலை, தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான மேல் லயத்தில் ஒரு கைக்குழந்தையைத் தராசில் போட்டு நிறுத்துக்கொண்டிருந்தேன். கங்காணியிடமிருந்து போன் வந்தது.

"மிஸ்ஸி, செல்வராணிப் புள்ளைய கொஞ்சம் வந்து பாருங்க. இன்னியோட மூணு நாளாச்சு. காலையில பெரட்டுக்கு வருது, பேர் குடுக்குது, கூடைய மாட்டிக்கிட்டு மலைக்கும் வருது. ஆனா கொழுந்து பறிக்க உள்ள எறங்க மாட்டேங்குது. ரோட்டோரமாவே நிக்குது. ஏசுனாலும் நிக்குது."

"ஒடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. நீங்கதான் கேக்கணும். எனக்கு மேல உள்ள கண்டாக்கையா பாத்தாருன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாரு."

குழந்தையைத் தராசிலிருந்து எடுத்துத் தாயிடம் கொடுத்தேன். செல்வராணியை நான் ஆறு வாரமாகப் பார்க்கவில்லை. சரியாகச் சொன்னால், பார்க்காமல் இருப்பதற்காக மெனக்கெட்டிருந்தேன்.

2. அந்த ஆறு வாரம்

அவளுக்கு அது முதல் பிள்ளை. எட்டாம் மாதத்தில் அசைவு நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஆண் பிள்ளை, இறந்தே பிறந்தது. அவள் வார்டில் கிடக்க, புருஷன் முருகேசு வாசலில் நின்றான். தாதி துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

நான் அவனிடம் சொன்னேன்: "அவளுக்குக் காட்டாத. எங்க பொதச்சேன்னும் சொல்லாத. சொன்னா மனசு அங்கேயே கெடக்கும். கொஞ்ச நாள்ல மறந்துருவா."

தோட்டத்தில் அப்படித்தான் வழக்கம். இப்படிப் பிறக்கும் பிள்ளையைப் பெரியவர்களின் இடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஆண்கள் இரண்டு பேர் தேயிலை மலையில் எங்காவது குழி வெட்டி வைத்துவிட்டு வருவார்கள். தாய்க்கு இடம் தெரியக்கூடாது, தெரிந்தால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். படித்து, வெள்ளை உடுப்புப் போட்ட நானும் அதையேதான் சொன்னேன். பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். நல்லது செய்கிறோம் என்றே நினைத்தேன்.

பிரசவமான வீட்டுக்கு மிட்வைஃப் நாலு தடவை போகவேண்டும். தராசைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு லயத்துக்குள் நுழைந்தால், வரிசையாக உள்ள ஓரறைக் காம்பராக்களில் எதில் குழந்தை இருக்கிறதோ அந்தக் கதவு தானாகத் திறக்கும். செல்வராணியின் லயத்தில் அவளுடைய காம்பரா மூன்றாவது, நான் பார்க்க வேண்டிய இன்னொரு குழந்தை இருந்தது ஆறாவதில். நான் பின்பக்கமாகச் சுற்றி, முட்டைக்கோஸ், எங்கள் பேச்சில் கோவா, போட்டிருந்த தோட்டத்தை மிதித்து, ஆறாவது காம்பராவுக்குப் போனேன். அவள் தராசைப் பார்த்தால் மனம் நோகுமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பெற்றவளைத் தனியாக விடாதீர்கள் என்று கிளினிக்கில் வகுப்பு எடுக்கிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

பிரசவமான மூன்றாம் நாள், நான் போகாத அன்றுதான், அவளுக்குப் பால் கட்டியது. எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பிறகு, யாருமில்லாத லயத்தில், ஒரு டின்னில் பாலைப் பீய்ச்சி வாசலில் தண்ணீர் ஓடும் கானில் ஊற்றியிருக்கிறாள். கொதிக்கும் மாருக்குக் கோவா இலை வைத்துக் கட்டச் சொன்னது பக்கத்து வீட்டுப் பெண். அது என் வேலை.

3. ரோட்டோரம்

நான் போனபோது மற்றப் பெண்கள் மலையில் இருந்தார்கள். செல்வராணி மட்டும் வெறுங்கூடையோடு ரோட்டில் நின்றாள். என்னைப் பார்த்ததும் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தராசைத்தான் பார்த்தாள்.

"ஏம்மா உள்ள போகல?"

"எந்த மலைன்னு எனக்கு யாருமே சொல்லல மிஸ்ஸி. இவருகிட்ட கேட்டா எந்திரிச்சு வெளிய போயிர்றாரு. எந்தச் செடிக்கிக் கீழ கெடக்கான்னு தெரியாம நான் எப்படிக் கால வைக்கிறது? மிதிச்சிட்டேன்னா?"

முன்னால் மலைக்கு மேல் மலையாகத் தேயிலை கிடந்தது. இவளுக்கு அதில் ஓர் அடி வைக்க இடமில்லை. இவளை இந்த ரோட்டில் நிறுத்தியது நான்.

4. முருகேசு

அவன் ஏழாம் நம்பர் மலையில் கான் வெட்டிக்கொண்டிருந்தான். இடத்தைக் காட்டு என்றேன். மண்வெட்டியை ஊன்றிவிட்டு என்னைப் பார்த்தான்.

"நீங்கதான மிஸ்ஸி சொல்லாதன்னீங்க? எங்கம்மாவும்தான் சொன்னாங்க. அவங்க சொன்னா நான் கேட்டிருக்க மாட்டேன். நீங்க படிச்சவங்கன்னு கேட்டேன். ஆறு வாரமா அவ மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசல. பாத்தா கேட்டுருவா, கேட்டா சொல்லிருவேன்."

"நான் சொன்னது தப்பு முருகேசு," என்றேன். உத்தியோகத்தில் சேர்ந்து அதுவரை நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது.

அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு நடந்தான்.

5. ஏழாம் நம்பர் மலை

அவன் முன்னால் போனான். அவன் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து அவள் போனாள். நான் கடைசியாகப் போனேன். அவன் கான் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சவுக்கு மரம். அடியில், ஆற்றிலிருந்து எடுத்து வந்த தட்டைக் கல் ஒன்று. அந்த மலையிலேயே வேலை வேண்டும் என்று அவன் கங்காணியிடம் கேட்டு வாங்கியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

செல்வராணி அழவில்லை. செருப்பைக் கழற்றினாள்.

"தலை எந்தப் பக்கம்?"

அவன் காட்டினான். அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்து மண்ணில் கை வைத்தாள். கையை எடுக்காமலே என்னிடம் கேட்டாள்: "எவ்வளவு நிறை மிஸ்ஸி?"

அவளுடைய கர்ப்பிணி அட்டை இன்னும் என் பையில்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் எழுதியிருந்தார்கள். "ரெண்டு கிலோ நூறு" என்று வாசித்தேன்.

"ரெண்டு கிலோ கொழுந்துன்னா கைக்கித் தெரியும். புள்ள ரெண்டு கிலோன்னா எப்படி இருக்கும்?"

ஆயிரம் குழந்தையாவது நிறுத்த கை இது. இவனை மட்டும் அது தூக்கவில்லை. முருகேசுதான் வாயைத் திறந்தான்.

"ஆட்டோவுல மடியில வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். இவ்வளவு இருந்தான்," என்று முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை காட்டினான். "அப்படியே ஒன் மூக்கு."

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் இரண்டு பேரும் அழுதார்கள். அங்கே நான் தேவையில்லை. தராசைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அவள் மலையில் இறங்கினாள். ஏழாம் நம்பர் மலையில் அந்தச் சவுக்கு மரத்தை ஒட்டிய நிரையை மற்றப் பெண்கள் அவளுக்கென்றே விட்டுவிடுவார்கள் என்று கங்காணி பிறகு சொன்னார். யாரும் யாருக்கும் சொல்லி நடந்ததல்ல.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

குழந்தை இறந்த வீட்டுக்கும் நாலு தடவை போங்கள். தராசை அடுத்த வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பிள்ளையைப் பார்க்க வேண்டுமா, தூக்க வேண்டுமா என்று தாயிடம் கேளுங்கள். மாமியாரிடம் கேட்காதீர்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் பேசாமல் உட்காருங்கள். செல்வராணிக்குப் பிறகு நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான்.

இப்போது ஓய்வு பெற்று ஹட்டனில் ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறேன். சாமான் வாங்க இறங்கினால் பஸ் நிலையத்தில் யாராவது ஒருத்தி கையைப் பிடித்து, "மிஸ்ஸி, சொகமா இருக்கீங்களா?" என்று கேட்பாள். முகம் நினைவிருக்கும். அவர்களில் சிலருடைய காம்பராவையும் நான் தாண்டிப் போயிருக்கிறேன். என் கொப்பியில் அவர்கள் பேருக்குக் கோடு கிழித்து மூடிவிட்டேன். சுகமாக இருக்கிறேன் என்பேன். அப்படி ஒருத்தியிடம், பிள்ளை கிடக்கும் இடத்தை இன்றுவரை யாராவது காட்டினார்களா என்று கேட்க நாக்கு எழும். அதற்குள் பஸ் வந்துவிடும். அவள் ஏறிப் போய்விடுவாள்.