பதினான்காம் எண்ணின் நெஞ்சு

ஏணிக்கு ஆறடி எட்டு அங்குலம். பன்னிரண்டு வயதுவரை எல்லாப் பிள்ளைகளையும் போல இருந்தவன், அதற்கப்புறம் யார் சொல்லியும் கேட்காமல் வளர்ந்துவிட்டான். வகுப்பில் வைத்த பட்டப்பெயர் கூடைப்பந்து மைதானம்வரை கூடவே வந்து, கடைசியில் பத்திரிகையிலும் ஏறிக்கொண்டது. பதினான்கு வருஷமாகப் பந்துதான் பிழைப்பு. மூன்று கிளப் மாறினான். சட்டை எண் மட்டும் மாறவில்லை. எங்கே போனாலும் பதினான்கு. கூடைக்கு அடியில் நின்று, முழங்கையால் இடி வாங்கி, மற்றவர்கள் கோட்டைவிட்ட பந்தைப் பிடித்துக் கொடுக்கிற வேலை அவனுடையது. தூரத்திலிருந்து பந்தை வீசுகிறவனுக்குக் கைதட்டல் போகும், இவனுக்கு மூக்கு உடையும். இரண்டு தடவை உடைந்திருக்கிறது.

வீடே அந்த உடம்பைச் சுற்றித்தான் நடந்தது. கட்டில் போதாமல் கால்மாட்டில் ஒரு பெஞ்சு. ஃப்ரிட்ஜின் மேல்தட்டு முழுக்க ஐஸ் பைகள். அவன் பகலில் தூங்கினால் மனைவி மிக்ஸியைத் தொடமாட்டாள். அவன் தும்மினால் அம்மா அடுத்த தெருவிலிருந்து போன் போட்டுவிடுவாள்.

அவனுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனும் ஆறடி ஏழு, ஒரே ஒரு அங்குலம்தான் குறைச்சல். ஆனால் பந்து அவன் கையில் ஒட்டவே இல்லை. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சுமை தூக்கினான். தோளில் பட்டையை மாட்டிக்கொண்டு பீரோவோடு நான்கு மாடி ஏறுவான். அவனுக்கு இடுப்பு வலிக்கிறதா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதாக நினைவில்லை.

போன சீசனின் கடைசி ஆட்டங்களில் ஏணிக்கு இரண்டு முறை கண் இருட்டியது. நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டு, பிறகு படபடவென்று அடித்துக்கொண்டது. ஷூ லேஸைக் கட்டுகிற சாக்கில் குனிந்து சமாளித்துவிட்டான். அப்பா நாற்பத்தொரு வயதில் ஆலை வாசலில் விழுந்தவர், பிறகு எழவே இல்லை. வெயில் என்று சொல்லி எல்லோரும் கலைந்துபோனார்கள். ஏணிக்கு இப்போது முப்பத்தாறு. 

சீசன் தொடங்கும் முன் கிளப் எல்லா ஆட்டக்காரர்களையும் நெஞ்சு ஸ்கேனுக்கு அனுப்பும். அதில் தேறாதவனுக்கு ஒப்பந்தம் கிடையாது. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் யாருக்கும் ஆட்டக்காரர்களின் முகம் தெரியாது. முன்கையில் மார்க்கரால் சட்டை எண்ணை எழுதிக்கொண்டு போய் நீட்டினால் போதும், பதினான்கு என்றால் பதினான்கு. ஏணி அந்த மார்க்கரைத் தம்பியிடம் கொண்டுபோனான்.

"டேய், எனக்குப் பதிலா நீ போய்ப் படுத்து எந்திரிச்சு வரணும்."

"படுக்குறதுக்கா? தூக்குறதைத் தவிர எனக்கு யாரும் வேலையே குடுத்ததில்லையேண்ணே!"

"விளையாட்டு இல்லடா. மாட்டுனா என் கதை முடிஞ்சுது."

தம்பி சிரிப்பை நிறுத்தினான். "உனக்கு நெஞ்சுல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல. இந்த ஒரு வருஷத்தை ஓட்டிட்டா போதும்."

"அப்ப தனியா வேற டாக்டர்கிட்ட காட்டிடு. காட்டுவேன்னு சத்தியம் பண்ணு."

ஏணி சத்தியம் செய்தான். காட்டத்தான் இல்லை.

வியாழக்கிழமை தம்பி போய்வந்தான். "ஸ்கேன் எடுத்த பொண்ணு ரொம்ப நேரம் அழுத்தி அழுத்திப் பாத்துச்சுண்ணே. பெரிய ஆட்டக்காரன்னு மரியாதை போல" என்றான். ஏணி சிரித்தான். தம்பிக்குக் கல்லு மாதிரி நெஞ்சு, அதில் என்ன இருந்துவிடப்போகிறது!

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பயிற்சிக்கு நடுவில், கிளப் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"உக்காருப்பா. முதல்ல தண்ணியக் குடி." ரிப்போர்ட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தார். "இதயத் தசை தடிச்சிருக்கு. கொஞ்சநஞ்சமில்ல. இனிமே நீ ஓடக்கூடாது. ஓடறது என்ன, மாடி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. எந்த நிமிஷம் வேணாலும் நின்னுடலாம். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரில போய்ச் சேரு."

ஏணி தலையாட்டினான். இத்தனை மாதம் பயந்த பயம், அவன் பேரையும் எண்ணையும் போட்டுக் காகிதமாக வந்துவிட்டது. எழுந்து உடை மாற்றும் அறைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் பந்து தட்டும் சத்தம். கணுக்காலில் சுற்றிய பட்டையைக் கத்தரித்து எறிந்தான். ஷூவைப் பையில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். நெஞ்சில் கைவைத்து, இப்போது நிற்குமா, அடுத்ததில் நிற்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான்.

கேட்கிற நமக்கு அவன் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. அவனுக்கோ உறைக்கவே இல்லை. பதினான்கு வருஷமாக அந்த வீட்டில் உடம்பு என்றால் அவன் உடம்புதான். பயம் என்றாலும் அவனுக்கான பயம்தான். அந்தப் பழக்கம் அவன் கண்ணைக் கட்டிவிட்டது.

மனைவியிடம் காட்டுவதற்காகக் காகிதத்தை மடிக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மேலே, பேருக்குக் கீழே ஒரு வரி: உயரம், ஆறடி ஏழு. ஏணிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒரு அங்குலத்தை முழுங்கிவிட்டார்களே!

அப்புறம்தான் புரிந்தது. போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. கம்பெனியில் கேட்டான். இன்றைக்கு நாலாம் மாடி வேலை, லிஃப்ட் இல்லாத கட்டடம் என்று விலாசம் சொன்னார்கள். வாடகைக் காரில் போய் இறங்கி, மூன்று மூன்று படியாகத் தாவி ஏறினான். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு பீரோ சுவரோரம் சாய்ந்து நின்றது. அதன்மேல் தம்பி தோளில் மாட்டும் பட்டை கிடந்தது. கூட வேலை செய்கிறவன் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மூச்சு வாங்குது, கொஞ்சம் இருன்னு உக்காந்தாண்ணே. அப்படியே சாஞ்சுட்டான். ஆம்புலன்ஸ்ல கொண்டுபோயிட்டாங்க."

"எப்போ?"

"பத்தே முக்கால் இருக்கும்."

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்புறம் தம்பி கிடந்தான். வாயில் குழாய், கால்கள் கட்டிலுக்கு வெளியே. அவனுக்கு யாரும் பெஞ்சு போடவில்லை. ஒரு டாக்டரம்மா வெளியே வந்தாள்.

"இன்னும் நினைவு திரும்பல. எதையும் உறுதியா சொல்ல முடியாது. பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?"

ஏணி மடித்த காகிதத்தை நீட்டினான்.

"இதுல வேற பேர் இருக்கே?"

"பேரு என்னுது. நெஞ்சு அவனோடது."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மறுபடி படித்தாள். "இது எப்போ உங்க கைக்கு வந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். இனி எந்தப் பொய்க்கும் அவனிடம் தெம்பில்லை.

"பத்து மணிக்கு."

"பத்து மணிக்கா? அப்புறம் ஏங்க ஒரு போன் பண்ணல?"

"அழுதுக்கிட்டிருந்தேன்" என்றான் ஏணி. "எனக்காக."

அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.