ஏழு பாக்கெட் காராச்சேவு

எனக்கு நாக்கு நீளம். பேசுவதிலும் சரி, தின்பதிலும் சரி.

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கிறேன். வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது எங்கள் விதி. யாராவது மறந்து காலை வைத்தால், நான் போடும் சத்தத்தில் அடுத்த அறை ஆட்களும் தங்கள் காலைக் குனிந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்ட நான், போன தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், சுண்டுவிரலில் கல் குத்தியதுகூடத் தெரியாமல் பகல் முழுக்க வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்து மனைவிதான் காலைத் தூக்கச் சொன்னாள். நாலு வருஷத்துச் சுகர், காலில் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது.

டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, "தீபாவளி கழிஞ்சு வாங்க. சுகர் குறையலன்னா புண்ணு ஆறாது, விரலை எடுக்க வேண்டி வரும்" என்றார். எதை எவ்வளவு தின்ன வேண்டும் என்றும் நிறையச் சொன்னார். பயத்தில் என் காதில் விழுந்தது 'இனிப்பு கூடாது' என்பது மட்டும்.

அதைப் பிடித்துக்கொண்டேன். மருந்து அறைப் பக்கம் போகாமல் கேட் அருகே நாற்காலி போட்டு, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் இனிப்பின் கேடுகளைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினேன். சீசன் முடிந்து கம்பெனியில் ஆளுக்கு ஒரு பாக்கெட் ஸ்வீட்டும் ஒரு பாக்கெட் காராச்சேவும் கொடுத்தார்கள். என் ஸ்வீட்டை எல்லார் முன்னாலும் தூக்கிக் கொடுத்தேன். அந்தத் தியாகத்தில் ஆட்கள் உருகிவிட்டார்கள்.

"அண்ணாச்சிக்குக் காரந்தானே ஆகும், இதையும் வச்சுக்கோங்க" என்று ஆறு பேர் தங்கள் சேவு பாக்கெட்டை என் பையில் போட்டார்கள். என்னுடையதோடு ஏழு.

சாத்தூர்ச் சேவு. வீட்டுக்கு வந்த பஸ் முழுக்கப் பூண்டு வாசம்.

தீபாவளியன்று மனைவி சுட்ட அதிரசத்தை நான் திரும்பியும் பார்க்கவில்லை. கறிக்குழம்புக்கு எட்டு இட்லி மட்டும் தின்றேன். பிறகு டிவி முன்னால் சேவு. சாயங்காலம் டீக்குச் சேவு, சீனி போடாத டீ. இப்படியே நாலு நாள். மனைவி ஒருமுறை, "போதும்ங்க, அம்புட்டும் மாவு, எண்ணெய்" என்றாள். "காரத்துல எங்கடி சீனி இருக்கு?" என்று கேட்டேன். அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுவாரம் சுகர் முன்னைவிட ஏறியிருந்தது. மிஷின் கோளாறு என்றேன். "ஒரு துண்டு ஸ்வீட்டு தொடல டாக்டர், கோயில்ல அடிச்சுச் சத்தியம் பண்ணுவேன்."

"வேற என்ன சாப்பிட்டீங்க?"

"வெறும் காரந்தான்" என்றேன் பெருமையாக.

"எவ்வளவு?"

நான் கூரையைப் பார்த்தேன். மனைவி மெதுவாக, "ஏழு பாக்கெட்டு" என்றாள். மாவும் உள்ளே போனால் சர்க்கரையாகத்தான் மாறும் என்று டாக்டர் நிதானமாகச் சொல்லிவிட்டு, கட்டைப் பிரித்துப் பார்த்தார். விரல் கறுத்திருந்தது.

வெளியே வந்து அவள்மேல் பாய்ந்தேன். "மானத்த வாங்கிட்டியே. நீ அதிரசம் தின்னத நான் எண்ணுனேனா?"

"நான் ஒண்ணுகூடத் திங்கலையே" என்றாள். "நீங்க வாயக் கட்டிக்கிட்டு இருக்கையில எனக்கு எப்படி எறங்கும்?"

அதிரசம் என்றால் அவளுக்கு உயிர். சுடும்போதே ரெண்டு தின்கிறவள். அவள் பட்டினி கிடந்த வாய்க்கு முன்னால் உட்கார்ந்துதான் நான் நாலு நாளும் நொறுக்நொறுக்கென்று மென்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. விரல் போகப் போவதைவிட அதுதான் வலித்தது. மறுநாள் விரலை எடுத்துவிட்டார்கள்.

இந்தத் தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த ரெண்டு பாக்கெட்டையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன், சொற்பொழிவு இல்லாமல். காலையில் மூணு இட்லி, ரெண்டு துண்டு கறி, தட்டு நிறைய அவரைக்காய். சாப்பிட்டு முடித்து, அவள் சுட்ட அதிரசத்தில் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தேன். வேண்டாம் என்றாள்.

"நீ தின்னாத்தான் நான் எந்திரிப்பேன்" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டேன்.

எனக்கு வாய் ஊறியது, மறைக்கவில்லை. அவள் கடைசித் துணுக்குவரை தின்று முடித்த பிறகுதான் எழுந்தேன்.