மாணிக்கம் ஆசாரி போடாத துளை

“மாணிக்கம் ஆசாரி போயிட்டாக” என்று மானகிரியிலிருந்து வந்த ஆள் சொன்னபோது நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வர மனம் வரவில்லை. அவர் மேல் எனக்கிருந்த கோபத்தை இனி யாரிடம் காட்டுவது?

வெண்கல வார்ப்புக்காரராகத்தான் அவரை உங்களில் பலர் அறிவீர்கள். அறுபதுகளின் கடைசியில் வலையபட்டிச் செட்டியார் ஒருவருக்குத் தம் பழைய அமெரிக்கக் காரைப் பந்தயத்தில் ஓடவிட ஆசை. மலேயாவிலிருந்து சூப்பர்சார்ஜர் வந்து இறங்கியது. காற்றையும் பெட்ரோலையும் அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற சாமான். அதையும் எஞ்சினையும் இணைக்கும் கிளைக்குழாயான மேனிஃபோல்டு எங்கும் கிடைக்கவில்லை. மெக்கானிக்கான நான் அளவெடுத்துக் கொடுத்தேன். ஆசாரி பழைய பிஸ்டன்களை உருக்கி, எட்டுக் கிளையும் ஒன்றாய் வார்த்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

எஞ்சினிலிருந்து நெருப்பு திரும்பி வந்தால் அழுத்தம் வெளியேற வழி வேண்டும். மேலே ஒரு துளை போட்டு மெல்லிய தகட்டால் மூடுங்கள் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“முழுசா வந்த வார்ப்பை மூளியாக்கச் சொல்றீகளே தம்பி! எங்க வம்சத்துல அப்படி யாருக்கும் குடுத்ததில்ல.”

“வெடிச்சிரும் ஆசாரி.”

“நான் வார்த்தது வெடிக்காது.”

செட்டியாருக்கும் மூளிச் சாமான் பிடிக்கவில்லை. அப்படியே மாட்டினோம். முதல் ஸ்டார்ட்டிலேயே வெடித்தது. தெறித்த சில்லு என் இடது கண்ணைக் கொண்டுபோனது.

செட்டியாரின் ஆசை அத்தோடு சரி. ஆசாரி விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்தபோது அவர் வார்த்த இரண்டாவது மேனிஃபோல்டு, துளையும் அதை மூடிய தகடுமாக, எஞ்சினில் ஏறியிருந்தது. “அங்குட்டுப் போங்க” என்று என்னைச் சுவருக்குப் பின்னால் தள்ளிவிட்டு, எஞ்சினை ஒட்டி நின்றார். “பட்டா எனக்குப் படட்டும்.”

“சாகப் போறீகளா? இங்குட்டு வாங்க!” என்று கத்தினேன். அதற்குள் ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கிவிட்டார். மறுபடியும் நெருப்பு திரும்பி வந்து, டமாரென்று தகடு பறந்து கூரையில் மோதியது. மேனிஃபோல்டு அசையவில்லை, அவருக்கும் ஒன்றுமில்லை. அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மன்னிப்பு என்ற சொல்லை அவர் என்னிடம் எடுத்ததே இல்லை. மன்னித்தேன் என்று பொய் சொல்ல எனக்கும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கடைத்தெருவில் எப்போது சேர்ந்து நடந்தாலும் என் இடப்பக்கமாகவே வருவார். “வண்டி வருது, ஒதுங்குங்க” என்பார். எரிச்சலாக இருக்கும். “தெரியுது ஆசாரி” என்பேன். தெரியாது.

நேற்றுச் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது இடப்பக்கம் வந்த சைக்கிள் மேல் மோதிவிட்டேன். “கண்ணு தெரியலையா?” என்று திட்டிவிட்டுப் போனான் சைக்கிள்காரன்.

என் கோபம் அப்படியே இருக்கிறது, ஆசாரி. அந்தப் பக்கம் நீங்கள் இல்லாததும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.