அண்ணன் விற்ற காருக்கு வாரண்டி

எங்கள் வீட்டில் முப்பது வருடம் போலீஸ் வேலை பார்த்தவர் என் கணவர். ஆனால் சந்தேகப்படுகிற வேலை முழுக்க என்னுடையது. காய்கறிக்காரர் சொன்ன எடையை அவர் நம்புவார். மருந்துக்கடையில் சொன்ன விலையை நம்புவார். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுப் பேசியவர்கள் சொன்ன அத்தனையையும் நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எனக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. ராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகத் துணி சரிபார்க்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் துணி ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐம்பது மீட்டர் துணி குறையே இல்லாமல் ஓடினால் எனக்குச் சந்தோஷம் வராது. என்னமோ கண்ணுக்குத் தப்பிவிட்டது என்றுதான் தோன்றும்.

இப்படிப்பட்ட நான் போன வருடம் கூடப்பிறந்த அண்ணனிடம் பழைய கார் வாங்கினேன்.

கார் ஆசையால் வாங்கியது இல்லை. அதற்கு முந்தைய மழைக்காலத்தில், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரமாகிவிட்டது. உயிர் தப்பியது, ஆனால் இதயத்தில் ஒரு பகுதி சரியாக வேலை செய்யவில்லை என்றார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மதுரைக்குப் போய்க் காட்ட வேண்டும். மறுபடியும் வலி வந்தால் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னதால், ஐம்பத்தொரு வயதில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவர் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டேதான் பாடம் நடத்தினார். அவரும் என்னைப் போல ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நான் கார் தேடுவது தெரிந்ததும் அவரே போன் செய்தார். "முட்டி வலிக்குது ஏட்டி. கிளட்ச் மிதிக்க முடியல. என் வண்டிய நீ எடுத்துக்கோ" என்றார். மூன்று வருடம்கூட முடியாத வண்டி. வெளியில் நான் விசாரித்து வைத்திருந்ததைவிட நன்றாகக் குறைத்து விலை சொன்னார். அண்ணன் தங்கச்சிக்குக் குறைத்துக் கொடுப்பது உலகத்தில் நடக்காததா என்றார் என் கணவர். நடக்கும்தான். ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு கல்யாண வீட்டில் அண்ணன் மூன்று மாடி விறுவிறுவென்று ஏறியதை நான் பார்த்திருந்தேன்.

வண்டி வந்தது. ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டதால் அவரையும் நம்பவில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்கவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயர் மாற்றம் முடிவதற்குள், வண்டியைத் தண்ணீர் சர்வீஸுக்கு விட ராஜபாளையத்தில் உள்ள கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்தேன். அங்கே மேஜையில் இருந்த பெண், ஆர்.சி. புக் நகலில் இருந்த தேதியை மட்டும் பார்த்துவிட்டு, சிரித்த முகமாக ஒரு மடித்த தாளை நீட்டினாள். "மேடம், மூணு வருஷ வாரண்டி இந்த மாசத்தோட முடியுது. முடியுறதுக்குள்ள கட்டிட்டா இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கலாம். முடிஞ்ச பொறவு கட்ட முடியாது" என்றாள். இப்படித் தேதி போட்டு நெருக்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தாளை வாங்கிக்கொண்டு வந்து, சாயங்காலம் கண்ணாடியைப் போட்டு வரி வரியாகப் படித்தேன். எதற்கெல்லாம் வாரண்டி உண்டு என்பது பெரிய எழுத்தில் ஒரு பத்தி. எதற்கெல்லாம் கிடையாது என்பது எறும்பு எழுத்தில் ஒரு பக்கம். தேய்கிற சாமானுக்குக் கிடையாது, ரப்பருக்குக் கிடையாது, கண்ணாடிக்குக் கிடையாது, பேட்டரிக்குக் கிடையாது, எலி கடித்தால் கிடையாது. சரி, இன்ஜினுக்கும் கியருக்குமாவது உண்டே என்று பார்த்தால், அதற்கும் அவர்களிடமே நேரம் தவறாமல் சர்வீஸ் விட்டிருக்க வேண்டுமாம்.

வேண்டாம் என்று ஒரு மனது சொன்னது. மதுரை ரோட்டில் கிருஷ்ணன்கோவில் தாண்டி, நிழல் இல்லாத ஓர் இடத்தில் வண்டி நின்றுவிடுவதாகவும், உள்ளே இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதாகவும் இன்னொரு மனது படம் காட்டியது. அந்தப் படத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, வாரண்டிய நீட்டிக்கச் சொல்லுதாக. கட்டலாமா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். வெட்டிச் செலவு."

"இல்ல, நடுவழியில எதும் ஆச்சுன்னா…"

"ஏட்டி, நான் இருக்கேன்ல" என்றார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பேச முடியாது. வெளி ஆள் ஒரு பொருளை விற்றால் பில் கேட்கலாம், ரசீது கேட்கலாம், எழுதி வாங்கலாம். சொந்தக்காரர் விற்றால் 'நான் இருக்கேன்ல' என்பதுதான் ரசீது. அதற்கு மேலும் தாள் கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி. நல்லது கெட்டதுக்கு வந்தாலும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

நான் ஏற்கெனவே ஒரு தடவை அப்படிச் செய்தவள். நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பாவின் வீட்டைப் பிரித்துப் பத்திரம் எழுதியபோது, அண்ணன் கொடுத்த நகலை யாருக்கும் தெரியாமல் ராஜபாளையத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு குறையும் இல்லை என்றார் அவர். ரோட்டைப் பார்த்த பக்கம் என் பெயருக்கு எழுதியிருந்தது. அந்த எழுத்தர் தன் தோட்டத்து மோட்டாரை அண்ணன் கடையில்தான் காயில் கட்டக் கொடுப்பவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விஷயம் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்போம். கேட்காததால் எனக்கு அவர் முகத்தை நேராகப் பார்க்கவே கூச்சமாகிப்போனது. அதன் பிறகு நான் அவரிடம் உதவி என்று எதையும் கேட்பதில்லை. இந்தக் காரும் அவராகக் கூப்பிட்டுக் கொடுத்ததுதான்.

"மச்சான் வேண்டாங்காருன்னா விட்டுரேன்" என்றார் என் கணவர்.

விட முடியவில்லை. வாரண்டியை நீட்டிக்கும் முன் வண்டியைச் சோதிப்பார்கள் என்று அந்த எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. சோதித்தால் குறை வெளியே வந்துவிடும், அதனால்தான் வேண்டாம் என்கிறாரோ என்று எண்ணம் ஓடியது. இன்னொரு பத்திரக் கதை ஆகிவிடக் கூடாது என்றும் பயமாக இருந்தது. இரண்டு பயத்தில் எது ஜெயித்தது என்றால், கிருஷ்ணன்கோவில் ரோட்டுப் பயம்தான். மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது, அண்ணனுக்குச் சொல்லாமல் நானே கட்டிவிடுவது என்று முடிவெடுத்து, கம்பெனியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு மறுபடி சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

அதே பெண். வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"மேடம், இந்த வண்டிக்கு ஏற்கெனவே எடுத்தாச்சே. ரெண்டு வருஷத்துக்கும் கட்டியாச்சு. வண்டியச் செக் பண்ணியும் முடிச்சிருக்காங்க."

"யார் கட்டுனது?"

அண்ணன் பெயரைச் சொன்னாள். தேதியையும் சொன்னாள். எனக்கு வண்டியைக் கொடுப்பதற்குச் சரியாக ஒரு வாரம் முந்திய தேதி.

வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. தங்கமான வண்டி என்றால் அவர் எதற்குக் கட்ட வேண்டும்? கட்டியவர் எதற்கு என்னிடம் வெட்டிச் செலவு என்று சொல்ல வேண்டும்? வண்டியில் பெரிதாக என்னமோ இருக்கிறது, அது அவருக்குத் தெரியும், சோதித்தவர்களையும் சரிக்கட்டிவிட்டு, நாளைக்குப் பழுது வந்தால் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத் தாளை வாங்கி வைத்திருக்கிறார் என்று என் கணக்கு ஓடியது. நோயாளியை வைத்து ஓட்டப்போகிற தங்கச்சி என்றுகூடப் பார்க்கவில்லையே என்று ஆத்திரம் வந்தது. வீட்டுக்குப் போகாமல் வண்டியை நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திருப்பினேன். வழியில் எல்லா வேகத்தடையிலும் அந்த 'டொக்' கேட்டது.

கடையில் அண்ணன் தனியாகக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். சாப்பிட்டியா என்று கேட்டார். நான் உட்காரவில்லை.

"அண்ணே, அந்த வண்டியில என்ன கோளாறு?"

"கோளாறா? ஒண்ணும் கெடையாதே."

"பொறவு எதுக்கு வாரண்டி கட்டுனீக? எங்கிட்ட எதுக்கு வேண்டாம்னு சொன்னீக?"

அவர் உதடு மட்டும் அசைந்தது. சுற்று எண்ணிக்கொண்டிருந்தார். பாதியில் விட்டால் கணக்குத் தப்பி, மறுபடி முதலில் இருந்து சுற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், பொய் யோசிக்க நேரம் எடுக்கிறார் என்றே நினைத்தேன். கம்பியை நறுக்கி, முனையில் நூலைக் கட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"சொன்னா கோவப்படாத. எனக்கு வண்டி மேல சந்தேகம் இல்ல. ஒம் மேலதான்."

"எம் மேலயா?"

"வண்டி நடுவழியில நின்னா நீ எனக்குப் போன் போட மாட்ட. கம்பெனிக்காரனுக்குன்னா போடுவ. அதான் கட்டுனேன். பேரு மாத்துன பொறவு புக்கோட சேத்துக் குடுக்கலாம்னு வீட்டுல வச்சிருக்கேன். முன்னாடியே சொல்லிருந்தா, என்னமோ இருக்குன்னு நீ வண்டியவே வாங்கிருக்க மாட்ட."

உண்மைதான். வாங்கியிருக்க மாட்டேன். இருந்தாலும் வீம்புக்கு, "நான் ஏன் ஒங்களுக்குப் போட மாட்டேன்?" என்று கேட்டேன்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்குப் போடலையே."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை.

"மாப்ளைக்கு நெஞ்சு வலி வந்தது எங்கன வச்சு? இந்தா இருக்க பஸ் ஸ்டாண்டுல. என் வீடு ரெண்டு தெரு. இதே வண்டி என் வாசல்லதான் நின்னுச்சு. மழைக்குள்ள அரை மணி நேரம் ஆட்டோ தேடிருக்க. எனக்கு மூணாம் நாள்தான் தெரியும், அதுவும் மாப்ள வாயால. கூடப்பொறந்தவன்னு எண்ணாமப் போயிட்டாளேன்னு எம்புட்டு நாள் ஒறங்காமக் கெடந்தேன் தெரியுமா?"

வலி வந்த இடத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸுக்கு நிற்கையில் என்று மட்டும்தான் சொல்வேன். அந்த அரை மணி நேரம் முன்னால் சேர்த்திருந்தால் அவர் இதயம் முழுதாக இருந்திருக்குமோ என்ற கேள்வியோடு அன்றாடம் எழுந்து வேலைக்குப் போய் வந்தவள் நான். அதை இன்னொருவரும் அதே மாதிரி சுமந்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை வாசலில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

"ஒங்க நம்பர எடுத்தேண்ணே" என்றேன். "அழுத்த முடியல. பத்திரத்த எழுத்தர்கிட்டக் காட்டுனவ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்?"

"எடுத்தியா?"

"எடுத்தேன்."

அண்ணன் மோட்டாரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

"கல்யாண வீட்டுல மூணு மாடி ஏறுனீகளே, முட்டி வலின்னது?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"முட்டி வலி நெசந்தான், படி ஏறுறப்ப இல்ல, கிளட்ச் மிதிக்கிறப்பதான்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீ யாரையும் கேக்காம ஒரு வண்டி ஒன் வாசல்ல நிக்கட்டும்னு நெனச்சதும் நெசந்தான்."

முன்பக்கத்து 'டொக்' சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து, உள்ளே உருண்டுகொண்டிருந்த என் தண்ணீர் பாட்டிலை எடுத்து, "இந்தா, ஒன் டொக்கு" என்று கையில் கொடுத்தார். சாவியை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கிளம்பப் போனவள், கண்ணாடியை இறக்கினேன். 

"அண்ணே, திங்கக்கெழம இவுகளுக்கு மதுரையில செக்கப். நான் ஓட்டிருவேன். ஆனா பயமா இருக்கு. கூட வாரீகளா?"

"எத்தன மணிக்கு வரணும்?" என்றார் அண்ணன்.