அக்டோபருக்கு ஒரு ஜாக்கெட்

நியூ ஜெர்சியில் அக்டோபர் மாதத்துக்கு உடுத்தத் தெரிந்துவிட்டால் வேறு எந்த ஊரிலும் சமாளித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. காலையில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டிலிருந்து கிளம்பும்போது காரின் கண்ணாடியில் பனி படிந்திருக்கும், ஹீட்டர் போட வேண்டும். மதியம் அதே காரில் ஏசி போட வேண்டும். சாயங்காலம் மறுபடி ஹீட்டர். இந்த மூன்று பொழுதுக்கும் ஒரே ஆள் ஒரே உடுப்பில் ஈடுகொடுக்க வேண்டும். டெக்சாஸில் பேர்லேண்டில் இருக்கும் என் நாத்தனார், அவர்கள் ஊரில் இலையுதிர் காலம் ஒரு வியாழக்கிழமை வந்து வெள்ளிக்கிழமை போய்விடும் என்பார். பாவம், அவரிடம் உருப்படியாக ஒரு ஸ்வெட்டர்கூடக் கிடையாது.

நான் ஈரோட்டுக்காரி. வெயில், கடும் வெயில், கொஞ்சம் மழை, எங்களுக்குத் தெரிந்த பருவங்கள் இவ்வளவுதான். ஸ்வெட்டர் என்பது பள்ளிக்கூடத்தில் ஊட்டிக்குச் சுற்றுலா கூட்டிப்போகும்போது பக்கத்து வீட்டில் இரவல் கேட்கும் சாமான். அதனால் இங்கே வந்த முதல் வருஷம், செப்டம்பரில் ஒரு காலை லேசாகச் சிலுசிலுத்ததும் முழங்கால் வரை நீளும் பனிக்கால கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியம் கூட வேலை பார்ப்பவர்கள் அரைக்கைச் சட்டையில் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட, நான் வியர்த்து வழிந்துகொண்டு நின்றேன். உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று ஒருத்தி அக்கறையாகக் கேட்டாள்.

இப்போது நான் தேறிவிட்டேன். இந்தப் பருவத்துக்கென்று எனக்குச் சில செல்லங்கள் உண்டு. முதல் செல்லம், முன்பக்கம் பட்டன் வைத்த நீளமான ஸ்வெட்டர். வெங்காயத் தோல் நிறம். இரண்டு பக்கமும் ஆழமான பை, ஃபோனும் சாவியும் போட்டாலும் தொங்காது. காலையில் பட்டனைப் போட்டால் கம்பளி, மதியம் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டால் பாரமே தெரியாது. அடுத்தது, கார் பின்சீட்டிலேயே குடியிருக்கும் சாம்பல் நிறச் சால்வை. பிறகு கணுக்கால் வரை வரும் தட்டையான பூட்ஸ். நவராத்திரிக்கு வீடு வீடாகக் கொலு பார்க்கப் போகும்போது பட்டுப்புடவைக்கு உள்ளே கம்பளி லெக்கிங்ஸும் அந்த பூட்ஸும் போட்டுக்கொள்வேன். கொசுவம் தரையைத் தொடுகிற வரைக்கும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது மட்டும் கொஞ்சம் குட்டு வெளிப்படும். எல்லாப் பெண்களும் அதையேதான் செய்கிறார்கள் என்பதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

ஆண்களுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. என் கணவருக்கு அவர் ஆபீஸில் கொடுத்த, கையில்லாத பஞ்சு வைத்த மேல்சட்டை ஒன்று இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் அதை மாட்டினால் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குத்தான் கழற்றுவார். நியூயார்க் போகிற பஸ்ஸுக்கு நிற்கும் அத்தனை ஆண்களும் அதே உடுப்பில்தான் நிற்பார்கள். கைக்கு மட்டும் குளிராது என்று எந்த மகானுபாவன் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்த எனக்கு ஒன்றுக்கு மட்டும் வழி தெரியவில்லை. பட்டுப்புடவை கட்டி அதன் மேல் கோட்டைப் போட்டால், ஆசை ஆசையாகக் கட்டியதில் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் ஜரிகைதான் ஊருக்குத் தெரியும். இங்கே இலைகள் நிறம் மாறுகிற மாதத்தில், நம்முடைய புடவை நிறங்கள் அத்தனையும் மரத்தில் தொங்குகின்றன. கடுகு, அரக்கு, குங்குமம், வெங்காயத் தோல். மாந்தளிர் நிறம்கூட இருக்கிறது. நம் ஊர் மாமரத்தில் புதிதாக விடுகிற தளிரின் நிறமும், இங்கே மேப்பிள் மரத்தில் உதிரப்போகிற இலையின் நிறமும் ஒன்றேதான். இதை முதன்முதலில் கவனித்த அன்று காரை ஓரமாக நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்படிப்பட்ட மாந்தளிர் நிறத்தில் ஒரு காஞ்சிப் பட்டு வாங்கினேன். எனக்கு இல்லை, என் மகளுக்கு.

வருஷா வருஷம் அக்டோபரில் நாங்கள் ஒரு பூங்காவில் குடும்பப் படம் எடுத்துக்கொள்வோம். இங்கே நம்மவர்கள் நிறையப் பேர் செய்வதுதான். புகைப்படக்காரரிடம் முன்கூட்டியே நேரம் வாங்கி, இலை நன்றாகச் சிவந்த வாரமாகப் பார்த்து, சூரியன் இறங்குவதற்கு முன் அரை மணி நேரம். எல்லா வருஷமும் நான் புடவை, என் கணவர் குர்தா, அவள் ஜீன்ஸ். புடவை கட்டு என்று நான் கேட்பேன், வேண்டாம் என்று அவள் இங்கிலீஷில் சொல்வாள். சண்டை எல்லாம் இல்லை. அவள் நல்ல பெண், நான் பேசும் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் தமிழில் வராது. ஆனால் அது அவளுக்கு ஹைஸ்கூலில் கடைசி வருஷம். கலிஃபோர்னியா பக்கம்தான் படிக்கப் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அடுத்த அக்டோபரில் அவள் இங்கே இருக்க மாட்டாள். புடவை கட்டிய என் மகளை ஒரு படத்திலாவது பிடித்து வைத்துக்கொள்ளாவிட்டால் பிறகு எப்போதும் கிடையாது என்று எனக்குப் பயமாகவே இருந்தது. அந்தப் பயத்தை அவளிடம் சொல்லவில்லை, கெஞ்ச மட்டும் செய்தேன். சரி என்றாள். சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஒரு நிபந்தனையோடு.

அளவு அனுப்பி, அதற்கேற்ற துணியை ஈரோட்டில் என் பழைய டெய்லரிடம் தைக்கக் கொடுத்து, முழங்கை வரை கையும் கடுகு நிறப் பார்டருமாக வரவழைத்தேன்.

அன்று அவளுக்குப் பள்ளியில் டென்னிஸ் பயிற்சி. நான் வீட்டில் புடவை கட்டிக்கொண்டு, அவளுடையதைப் பையில் எடுத்துப்போய், அவளை அங்கிருந்தே பூங்காவுக்குக் கூட்டிப்போவதாகத் திட்டம். கணவர் வீட்டில் வேலையை முடித்துவிட்டுத் தனிக் காரில் வருவார். பள்ளி வாசலில் பையைத் திறந்தால் புடவை இருக்கிறது, பாவாடை இருக்கிறது, ஊக்கு டப்பா இருக்கிறது. இஸ்திரி போட்டுக் கட்டில் மேல் விரித்து வைத்தது கட்டிலிலேயே இருக்கிறது. உடனே ஃபோன் போட்டேன்.

"ஏங்க, பாப்பாவோட ஜாக்கெட் நம்ம கட்டில் மேல இருக்குது. மறக்காம எடுத்துட்டு வந்துருங்க."

"சரி, எடுத்துட்டு வர்றேன்" என்றார். எனக்கு நிம்மதி.

பூங்காவில் நல்ல காற்று. ஏரிக்கரையில் இருக்கிற பெரிய மேப்பிள் மரத்துக்கு அந்த வாரம் கல்யாண மண்டபம் மாதிரி கிராக்கி. எங்களுக்கு அடுத்த குடும்பம் முன்கூட்டியே வந்து, தாத்தா முதல் கைக்குழந்தை வரை வெள்ளையும் நீலமுமாக நின்றது. புகைப்படக்காரப் பெண் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் கணவர் காரிலிருந்து இறங்கி, பெருமையாகக் கையை நீட்டினார். கையில் அவளுடைய ஜீன்ஸ் ஜாக்கெட்.

காலையில் அவள் அதையும் எங்கள் கட்டிலில் வீசிவிட்டுப் போயிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் இந்த வார்த்தை எப்போது இரண்டாகப் பிரிந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஜாக்கெட் என்றால் புடவைக்குப் போடுவது. கொலுவுக்குப் போனால் வெற்றிலை பாக்கோடு இன்றைக்கும் ஜாக்கெட் பிட்டுதான் வைத்துக் கொடுக்கிறார்கள். குளிருக்குப் போடுவது எல்லாமே எனக்கு கோட்டு. அவரும் கோபிச்செட்டிப்பாளையத்தில் அம்மாவோடும் அக்காக்களோடும் வளர்ந்த மனிதர்தான். ஆனால் இத்தனை பனிக்காலம் பார்த்த பிறகு அவர் காதில் ஜாக்கெட் என்பது ஜிப் வைத்த சாமானாகிவிட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நீ ஜாக்கெட்டுன்னுதான சொன்ன?" என்றார் அவர்.

"பட்டுப்பொடவைக்கு எவளாவது இதப் போடுவாளாங்க?"

"குளுருக்குக் கேக்கறயாக்கும்னு நெனச்சேன்."

நியாயம்தான், அதுதான் இன்னும் எரிச்சல். திரும்பிப் போய் எடுத்து வருவதற்குள் வெளிச்சம் போய்விடும், மரம் வெள்ளை நீலக் குடும்பத்துக்குப் போய்விடும். மகள் தன் பள்ளிப் பையிலிருந்த ஜீன்ஸைப் பார்த்தாள். அடுத்த வருஷம் கட்டுகிறேன் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அந்த இடத்தில் அழுதுவிடக்கூடாது என்று ஊக்கு டப்பாவைத் திறந்து திறந்து மூடினேன்.

அவள் பள்ளி ஹூடியைத் தலை வழியாகக் கழற்றினாள். உள்ளே கழுத்தை மூடிய, முழுக்கை வைத்த, உடம்போடு ஒட்டிய கறுப்பு பனியன். காலைக் குளிருக்குப் போட்டது. இதன் மேலேயே கட்டிவிடச் சொன்னாள்.

காஞ்சிப் பட்டுக்குக் கறுப்பு பனியனா என்று என் ஈரோட்டு மனசு அலறியது. ஆனால் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்கிற அளவுக்கு எனக்கும் புத்தி இருந்தது. காரின் இரண்டு கதவுகளைத் திறந்து மறைப்பாக வைத்துக்கொண்டு கட்டினேன். காற்றில் முந்தானை பறந்தது, கொசுவத்துக்குள் இலைகள் வந்து விழுந்தன. என் கணவர் செய்த பாவத்துக்குப் பரிகாரமாகத் தரையில் மண்டியிட்டுக் கொசுவத்தின் அடியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அந்த வேலையில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். கறுப்புக்கு மேல் அந்த மாந்தளிர் அப்படியே எரிந்தது. ஈரோட்டிலிருந்து வரவழைத்ததை அவள் போட்டிருந்தால் என் கல்யாண ஆல்பத்தில் நிற்கிற யாரோ ஒரு பெண்ணைப் போல இருந்திருப்பாள். இது அவளாகவே இருந்தாள். பாதிப் படங்களுக்கு அந்த ஜீன்ஸ் ஜாக்கெட்டையும் மேலே போட்டுக்கொண்டாள், அதுவும் பொருந்தித் தொலைத்தது. என் கணவர் என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை என்பது தோளிலேயே தெரிந்தது.

அடுத்த குடும்பத்து ஆன்ட்டி வந்து, இந்த ஹைநெக் ஜாக்கெட்டை எங்கே தைத்தீர்கள், ஃபிட்டிங் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று கேட்டார். எங்கள் டெய்லர் யாருக்கும் விலாசம் தர மாட்டார் என்று சொல்லிவிட்டேன்.

வெயில் இறங்கியதும் குளிர் பிடித்துக்கொண்டது. அரைக்கை ஜாக்கெட்டில் நான் பல் கிடுகிடுக்க நின்றேன். கழுத்து முதல் மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு அவள் சுகமாக நின்றாள். இத்தனை வருஷம் இந்தப் பருவத்துக்கு உடுத்தத் தெரியும் என்று பெருமை பேசியவள் நான். அந்த வருஷத்திலிருந்து கொலுவுக்கு நானும் கழுத்து மூடிய பனியனுக்கு மேல்தான் புடவை கட்டுகிறேன். கடுகு நிறத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று வைத்திருக்கிறேன். கோட்டு காரிலேயே கிடக்கிறது.

படம் முடிந்ததும் அவளுடைய ஜீன்ஸை எடுத்து வெளியே வைத்தேன். பசிக்கிறது, முதலில் பீட்சா என்றாள். புடவையோடேவா என்று கேட்டேன். அவள் ஏற்கெனவே காரில் ஏறி முந்தானையை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கடையில் வரிசையில் நின்றபோது ஒரு வெள்ளைக்காரப் பாட்டி புடவையைப் பாராட்டினார். அவள் முந்தானையை விரித்துக் காட்டி, இது புதுத் தளிரின் நிறம் என்று இங்கிலீஷில் விளக்கம் கொடுத்தாள். நான் எப்போதோ காரில் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மேஜையில் உட்கார்ந்ததும் பார்டரைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, வீட்டில் அவள் வாயிலிருந்து அபூர்வமாக வரும் தமிழில் கேட்டாள்.

"அம்மா, நான் காலேஜ் போறப்போ இத எடுத்துட்டுப் போகலாமா?"

எடுத்துக்கோ கண்ணு என்றேன்.

"ஆனா எனக்குக் கட்டத் தெரியாது. நீ சொல்லித் தரணும்."

ஒரே ஒரு படத்துக்காகத்தான் நான் அவ்வளவு கெஞ்சினேன். எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. பீட்சாவோடு வந்த கணவர் பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டார். சந்தோஷமாக இருக்கிறது என்று சொன்னேன்.