மடியில் கிடந்த நான்கு ஆப்புகள்

நிந்தவூரைத் தாண்டித் தெற்கே நடந்துகொண்டிருந்தபோது, சாறன் மடியில் நான்கு மர ஆப்புகள் விரலில் தட்டுப்பட்டன. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு. அவற்றைச் சீவித் தந்தவர் கல்முனைக் கடற்கரையில் படகு திருத்தும் ஓடாவிக் காக்கா. அவரிடம் இருபது நாள் வேலை செய்தேன். ஓரிடத்தில் கால் தரிக்காத ஆள் நான். அன்று மத்தியானம் சொல்லிக்கொண்டு புறப்பட்டிருந்தேன்.

கடைசியாகத் திருத்தியது, ஒரு துரை பொழுதுபோக்காக ஓட்டும் பழைய பாய்ப்படகு. பாய்க்கயிற்றைச் சுற்றிக் கட்டும் பித்தளைக் கொம்பு ஆடியது. மரம் உளுத்து, நான்கு திருகாணிகளும் பிடிப்பில்லாமல் சுழன்றன. துளையைக் குடைந்து, ஆப்பு அடித்து, புதிதாகத் திருகச் சொன்னார் காக்கா. நான் செய்யவில்லை. எங்கள் கரைவலைத் தோணிகள் கயிற்றால் தைத்தவை. தையல் துளையில் தேங்காய்த் தும்பை அடைத்துக் கடலில் இறக்கினால், தண்ணீர் குடித்துத் தானே இறுகும். அந்த நினைப்பில் திருகாணிகளில் தும்பைச் சுற்றி முடுக்கிவிட்டேன். காக்கா ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை.

தோணியில் கயிறு பலகைகளைச் சேர்த்து இழுக்கிறது; இங்கே பாய் கொம்பைப் பிடுங்கி இழுக்கும். நடுவழியில்தான் இது உறைத்தது. விடிந்ததும் துரை இரண்டு பிள்ளைகளோடு அந்தப் படகில் போவதாக இருந்தது. தரையிலிருந்து வீசும் கச்சான் காற்று தென்னைகளைக் கடல் பக்கம் வளைத்துக்கொண்டிருந்தது. கொம்பு கழன்றால் பாய் கைக்கு அடங்காது, படகு வெளிக்கடலுக்குப் போய்விடும். திரும்பினேன்.

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்த காக்கா என்னைக் கண்டு சிரித்தார்.

"என்னடாம்பி, போன மனிசன் திரும்பி வாறாய்? வழியில பொண்ணு கிண்ணு பாத்திட்டியா?"

ஆப்புகளை உள்ளங்கையில் காட்டினேன்.

"அப்ப துளைக்குள்ள என்ன இரிக்கி?"

"தும்பு, காக்கா."

காக்கா ஓர் ஆப்பை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். "நான் ஆட்டிப் பாத்தன்தானே. என்ட கையும் பொய் செல்லிட்டு. சுபஹுத் தொழுகையோட வா."

விடியலில் திருகாணிகள் விரலுக்கே கழன்று வந்தன. குடைந்து, ஆப்படித்துத் திருகினேன். துரையும் பிள்ளைகளும் வந்தார்கள்.

"கயிறு பாக்க இவனையும் ஏத்துங்க, தொர," என்ற காக்கா என்னிடம் தணிந்த குரலில், "கொம்பு கழண்டா முதல்ல உனக்குத் தெரியணும்," என்றார்.

இன்றும் எந்தப் படகில் ஏறினாலும் கை முதலில் அந்தக் கொம்பைத்தான் தேடுகிறது. அது அசையாவிட்டாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அன்று காலை படகில் எனக்குக் கிடைத்த வேலை அந்தக் கொம்பைப் பார்த்திருப்பதுதான். மடி வெறுமையாக இருந்தது. பாய் காற்றை வாங்கிப் புடைத்தது; நான் கொம்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.